கருப்புப் பூச்சுக்கு அடியில்

கோத்தகிரிப் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கும் யாரிடமாவது துருவைப் பற்றிப் பேச்செடுத்தால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். "அடியில கருப்பு அடிச்சு விட்டுருங்க, அப்புறம் கவலையே இல்ல." வண்டியின் அடிப்பாகம் முழுக்கக் கெட்டியாக அடிக்கும் அண்டர்பாடி கோட்டிங்கைத்தான் கருப்பு என்கிறார்கள். டீக்கடையிலும் டாக்சி ஸ்டாண்டிலும் இதையே சொல்கிறார்கள், வாட்டர் சர்வீஸ் செய்யும் பையன்களும் இதையே சொல்கிறார்கள். புது வண்டிக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் இருபது, இருபத்தைந்து வயதான வண்டிக்கு, அதுவும் மாதக்கணக்கில் மேகத்துக்குள் நிற்கும் ஊரில், அந்த யோசனை வண்டியைக் காப்பாற்றுவதில்லை, சீக்கிரம் முடித்துவிடுகிறது என்பது என் எண்ணம். எங்கள் வீட்டு மாருதி ஆம்னி வேனைத் தகட்டு வேலை (டிங்கரிங்) செய்யும் பாயின் பட்டறையில் பிரித்துப் பார்த்ததிலிருந்து இது என்னை விடவில்லை. அப்பாவிடம் பேசிப் பார்த்தேன், மெக்கானிக்குகளிடம் கேட்டுப் பார்த்தேன், படித்தும் பார்த்தேன். கருத்து மாறுவதாக இல்லை, இன்னும் கெட்டிப்பட்டுக்கொண்டுதான் போகிறது.

கோயம்புத்தூர் நண்பர்கள் இந்தப் பேச்சைக் கேட்டால் வேறொரு கேள்வி கேட்பார்கள். "உங்க ஊர்ல கடல் இல்ல, உப்புக்காத்து இல்ல, வண்டி எப்படித் துருப்பிடிக்கும்?" நியாயமான கேள்விதான். துருப்பிடிக்க இரும்பு, காற்றில் இருக்கும் ஆக்சிஜன், தண்ணீர் இந்த மூன்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். தண்ணீர் என்றால் நனைந்து சொட்டுகிற அளவுக்குக் கூட வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் படிந்து வேலை ஆரம்பித்துவிடும். 80 சதவீதத்துக்கு மேல் போனால் வேகம் பிடித்துவிடும். மூடுபனி இறங்கி எதிர்வீடு மறைகிற நாளில் இங்கே அது 100 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

ஈரம் எவ்வளவு நேரம் நிற்கிறது

மேட்டுப்பாளையத்தில் ஒரு மழை கொட்டித் தீர்க்கும், அடுத்த இரண்டு மணி நேரத்தில் வெயில் அடித்து வண்டி காய்ந்துவிடும். இங்கே அப்படி இல்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதன் முழு பலமும் கூடலூர், தேவாலா, அவலாஞ்சிப் பக்கம்தான் என்றாலும், எங்களுக்கும் சாரலும் மேகமும் வந்துகொண்டே இருக்கும். அது முடிகிற நேரத்தில் வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் நேராகப் பிடித்துக்கொள்ளும். 2009 நவம்பரில் நிலச்சரிவு வந்து சாலைகள் துண்டானதும் இந்த மழையில்தான். அது ஓய்ந்ததும் டிசம்பர், ஜனவரிப் பனி. ஆக, எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்ற கணக்கு தகட்டுக்குத் தெரியாது. எத்தனை மணி நேரம் ஈரமாக இருந்தோம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். வண்டியின் மேல்பக்கமாவது கொஞ்சம் வெயில் பார்க்கும். அடிப்பக்கமும், கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் மூடிய தகட்டுப்பெட்டியின் உள்பக்கமும் வெயிலைப் பார்ப்பதே கிடையாது.

உப்பு இல்லை என்பதும் முழு உண்மை கிடையாது. உப்பு எங்கள் ஊருக்குச் சாக்கில் வருகிறது. தேயிலைக்குப் போடும் முக்கியமான உரங்களில் ஒன்று பொட்டாஷ். முரியேட் ஆஃப் பொட்டாஷ் என்று சாக்கில் போட்டிருப்பது வேதியியல்படி பொட்டாசியம் குளோரைடு. எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அதில் குளோரைடு இருக்கிறது. கடல் காற்றில் இரும்பைத் தின்கிற அதே குளோரைடுதான். காற்றில் ஈரம் 85 சதவீதத்தை ஒட்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும், கூடவே போடும் யூரியாவுக்கு அதைவிடக் குறைந்த ஈரம் போதும். மழைக்காலத்தில் உரச்சாக்கு தானாகவே நசநசத்துப் போவதைச் சிறு விவசாயிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தச் சாக்கை ஏற்றி இறக்கிய வண்டியின் மூலைகளில் சிந்திய குருணை ஒவ்வொரு மழைக்கும் மறுபடி மறுபடி கரைகிறது. கேத்தி, முத்தோரைப் பாலாடாப் பக்கம் கேரட் கழுவி ஈரச் சாக்கோடு ஏற்றும் பிக்அப் வண்டிகளின் பின்தகடு எந்தக் கதியில் இருக்கிறது என்று பாருங்கள். புதுத் தகடு போட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும், அதற்குள் ஓரம் எல்லாம் சல்லடையாகியிருக்கும்.

எங்கள் ஆம்னி 1998இல் வாங்கியது. பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்த காலம் அது, அதற்கு அடுத்து வந்த வருடங்களில் விலை விழுந்த வீழ்ச்சி மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். விலை விழுந்ததால்தான் வண்டியை மாற்றவே முடியவில்லை. பின் சீட்டைக் கழற்றிவிட்டு இலைச் சாக்கு ஏற்றினோம். மழையில் பறித்த இலை தண்ணீரோடுதான் ஃபாக்டரிக்குப் போகும். திரும்பி வரும்போது உரம். ஞாயிற்றுக்கிழமை சீட்டைத் திரும்ப மாட்டி அதே வண்டியில் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போவோம். என் பிரசவத்துக்குக் குன்னூருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் அதில்தான். அந்த வண்டிமேல் அப்பாவுக்கு எவ்வளவு பாசமோ எனக்கும் அவ்வளவு பாசம். பழைய வண்டியை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு இதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

பதினைந்து வருடம் முடிந்து 2013இல் ஆர்சி புதுப்பிக்கப் போனபோது அப்பா வண்டிக்கு ஒரு நல்லது செய்ய நினைத்தார். கீழே சமவெளியில் ஒரு கடையில் கருப்பு அடித்தார்கள். காலையில் பிரஷர் வைத்துக் கழுவினார்கள், மதியம் அடித்து முடித்து, சாயங்காலம் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரண்டி அட்டையும் தந்தார்கள். அப்பா அதை ஆர்சி புத்தகத்தோடு சேர்த்துப் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். அதற்குப் பிறகு வண்டிக்கு அடியில் எப்போது குனிந்து பார்த்தாலும் ஒரே கருப்பு, ஒரு கீறல் கிடையாது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

ஜாக்கி ஏறவில்லை

கட்டபெட்டு தாண்டி வந்துகொண்டிருந்தபோது இடதுபக்கப் பின் டயர் பஞ்சர். 2023, மறுபடி ஒரு ஆர்சி புதுப்பிப்புக்குக் கொஞ்சம் முன்னால். ஸ்டெப்னியை இறக்கி வைத்துவிட்டு, ஜாக்கி வைக்கவேண்டிய இடத்தில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தேன். ஜாக்கி உயர்ந்துகொண்டே போனது, வண்டி உயரவில்லை. கரகரவென்று மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. குனிந்து பார்த்தால் ஜாக்கியின் தலை கருப்புப் பூச்சுக்குள் அமுங்கிப் போயிருந்தது. பூச்சு கிழியவே இல்லை. ரப்பராக உள்ளே குழிந்து ஜாக்கித் தலையைச் சுற்றி மடங்கியிருந்தது. அதற்குப் பின்னால் தாங்க எதுவும் இல்லை. அப்பா என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஜாக்கியைப் பின் ஆக்ஸிலுக்கு அடியில் மாற்றி வைத்துத் தூக்கினார். டயர் மாற்றி வீடு வரும்வரை அவர் எதுவும் பேசவில்லை.

குன்னூர்ச் சாலையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பாய்க்கு எங்கள் வண்டியை நன்றாகத் தெரியும். வண்டியை மரக்கட்டை மேல் ஏற்றி, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஒரு ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் கணீரென்று தகட்டுச் சத்தம் வந்தது. கதவுக்கு நடுவில் வந்ததும் சத்தம் மங்கியது. பின் சக்கரத்தை நெருங்கியபோது சத்தமே இல்லை, 'தொப் தொப்' மட்டும்தான். "இங்கதான் இருக்குது ம்மா" என்று சொல்லிவிட்டு பிளேடால் பூச்சில் ஒரு கோடு கிழித்து, விரலை விட்டு இழுத்தார். ஒரு முழ நீளத்துக்குக் கருப்புப் பட்டையாக உரிந்து வந்தது. அதன் முதுகில் துரு அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது. தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. கூடவே உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் பழுப்பு நிறத்தில் அவர் கை வழியாக முழங்கைவரை வழிந்தது. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்தத் தண்ணீர் எப்போது உள்ளே போனதோ.

பாய் அந்தப் பட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வரிசையாகச் சின்னச் சின்ன முளைகள் இருந்தன. அந்தப் பெட்டித் தகட்டின் அடியில் கம்பெனியிலேயே வைத்திருந்த வடிகால் துளைகள் அவை. ஸ்ப்ரே அடித்தபோது கருப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் போய் உறைந்து தக்கையாகிவிட்டது. "வண்டி செஞ்சவன் சும்மாவா ஓட்டை வெப்பான்? தண்ணி போறதுக்கு ம்மா அது. அதையும் சேத்து அடைச்சுட்டானுங்க." அப்பா அந்தப் பட்டையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எவ்வளவு நம்பி அடிச்சோம் பாய்" என்றார். பாய் பதில் சொல்லாமல் டீ வாங்கிவரப் பையனை அனுப்பினார்.

அன்றைக்கு நான் பார்த்தது இதுதான். பூச்சு ஒரு தப்பும் செய்யவில்லை. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே விடாமல் காத்தது. உள்ளே இருந்த ஈரத்தையும் ஒரு சொட்டு வெளியே விடாமல் காத்தது. தண்ணீர் வருவதை மலையில் யாரும் முழுசாகத் தடுக்க முடியாது. ஜன்னல் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் வரும், காய்ந்து போன ரப்பர் பீடிங் வழியாக வரும், இலைச் சாக்கிலிருந்து வடிந்து தரைவிரிப்பு மேட்டுக்கு அடியில் போகும். எதுவும் வராவிட்டாலும், இரவில் தகடு குளிரும்போது உள்ளே இருக்கும் காற்றிலிருந்தே தண்ணீர் துளித்துவிடும். வந்தது போவதற்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

துரு பிடித்தால் அது இரும்பு இருந்த இடத்தைவிட அதிக இடம் கேட்கும். எந்த வகைத் துரு என்பதைப் பொறுத்து இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பருக்கும். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புவது அதனால்தான். கெட்டியான ரப்பர்ப் பூச்சாக இருந்தால் கொப்புளம் வெளியே தெரியாது, பூச்சு இழுபட்டு இடம் கொடுத்துவிடும். இன்னொன்றும் நடக்கிறது. ஒரே தகட்டில் ஒரு பகுதிக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்து, பக்கத்தில் சேறுக்கோ பூச்சுக்கோ அடியில் இருக்கும் பகுதிக்குக் குறைவாகக் கிடைத்தால், அரிப்பு முழுவதும் ஆக்சிஜன் குறைந்த பகுதியில்தான் நடக்கும். மூடியிருக்கும் இடம் பத்திரமாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். இரும்பின் கணக்கு அதற்கு நேர்மாறாகப் போகிறது. மட்கார்டுக்குள் அப்பிய சேறு, மேட்டுக்கு அடியில் ஊறிய பஞ்சு, ஓரம் பிரிந்த பூச்சு எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

துருவைப் பற்றிப் பேசினால் யாராவது டெல்லி இரும்புத் தூணைக் கொண்டுவந்துவிடுவார்கள். 1,600 வருடத்துக்கும் மேலாகத் துருப்பிடிக்காமல் நிற்கிறதே, அந்தக் கால இரும்பு அப்படி என்று. கான்பூர் ஐஐடியில் இருந்த ஆர். பாலசுப்ரமணியம் அதை ஆராய்ந்து, அந்த இரும்பில் இருக்கும் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உருவாகியிருக்கிறது என்று காட்டினார். படலம் உருவாக நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். டெல்லியில் அது நடக்கிறது. திறந்த வெளியில், வெயிலிலும் காற்றிலும், இடுக்கே இல்லாத உருண்டைத் தூணாக அது நிற்கிறது. நம் வண்டியின் தகடு ஒரு மில்லிமீட்டர் கூடக் கிடையாது. அதை மடித்து, இரண்டு தகட்டை ஒட்டி, ஸ்பாட் வெல்டு வைத்து, மொத்தமும் இடுக்காகவே செய்திருக்கிறார்கள். அந்தத் தூணைக் கழற்றி வந்து எங்கள் ஊரில் தார்ப்பாய் போர்த்தி வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்த்ததில்லை.

வெட்டி ஒட்டியது

இனி வண்டிக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முதல் வேலை, அந்தக் கருப்பு முழுவதையும் சுரண்டி எடுத்தது. பாயின் பையன்கள் சீவுளியும் வயர் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு நாள் கணக்கில் மல்லாந்து படுத்துச் செய்தார்கள். டிங்கரிங்கில் மிகக் கஷ்டமான வேலை இதுதான், கூலி பேசும்போது இதற்குத் தனியாகப் பேசி நியாயமாகக் கொடுங்கள். கெட்ட தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு 20 கேஜ் சிஆர் (குளிர்நிலையில் உருட்டிய) தகட்டில் துண்டு செய்து ஒட்டினோம். பழைய தகட்டுக்கு மேலேயே புதுத் தகட்டை வைத்து ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஓர் இடுக்கு வந்துவிடும். கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகடு நெளியும், பக்கத்தில் இருக்கும் நல்ல பெயின்ட்டும் கருகும். அதனால் சூடு அவ்வளவு பரவாத சிஓடூ வெல்டிங் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுவதும் பெட்ரோல் டேங்க், லைன் பக்கம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதும் பாய் சொல்லாமலே செய்தார்.

பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் பிரைமரில்தான் எனக்கும் பாய்க்கும் கொஞ்சம் வாக்குவாதம். அவருக்கு ரெட் ஆக்சைடு போதும். எனக்குப் புதுத் தகட்டில் துத்தநாகப் பிரைமர் வேண்டும். துத்தநாகம் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும், கீறல் விழுந்த இடத்திலும் காக்கும். ஒரே நிபந்தனை, அது வெறும் இரும்பை நேரடியாகத் தொட வேண்டும். நடுவில் வேறு பூச்சு இருந்தால் பயனில்லை. சுரண்டியும் குழிகளில் துரு மிச்சம் இருக்கும் பழைய இடங்களுக்கு அது சரிப்படாது. அங்கே துருவோடு சேர்ந்து அதை மாற்றிவிடும் ரஸ்ட் கன்வர்ட்டர் தடவி, காய்ந்ததும் எபாக்சி பிரைமர் அடித்தோம். கன்வர்ட்டரில் பல வகை, நாங்கள் போட்டதில் டானிக் அமிலம் இருந்தது. துருவின் மேல் அதைத் தடவியதும் பழுப்பு நிறம் மெல்ல மெல்லக் கருநீலமாக மாறியது. அப்பா அதைப் பார்த்ததும் "கவாத்துக் கத்தி" என்றார். சரியாகச் சொன்னார். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது கத்தி கருத்துப் போவதும், இலை பறிப்பவர்கள் கையோடு வைத்திருக்கும் இரும்புச் சாமான் கருப்பதும் இதே மாதிரி வேலைதான். இலையின் டானினும் இரும்பும் சேர்ந்தால் அந்தக் கருப்பு வரும். அதற்காக டீத்தண்ணீரை ஊற்றி வண்டியைக் காப்பாற்ற முடியாது, அதன் வீரியம் போதாது.

வெல்டிங் வைத்த இடத்தின் பின்பக்கம் பெட்டிக்குள்ளே வெறும் இரும்பாக இருக்கும். அங்கே பிரஷ் போகாது. மறுபடியும் துரு ஆரம்பிப்பது அங்கேதான். பழைய வண்டியில் ஒட்டுப் போட்ட இடம் இரண்டே வருடத்தில் மறுபடி பொத்துக்கொள்வதற்கு வெல்டரைக் குறை சொல்கிறோம், உள்ளே யாரும் எதுவும் அடிக்கவில்லை என்பதுதான் காரணம். வடிகால் துளை வழியாக நீளக் குழாயை விட்டு மெழுகு கலந்த திரவத்தை உள்ளே பீய்ச்ச வேண்டும். கேவிட்டி வாக்ஸ் என்று கிடைக்கிறது. அது இடுக்குகளுக்குள் ஊர்ந்து போய் மெத்தென்றே இருக்கும், காய்ந்து வெடிக்காது. பீய்ச்சி முடித்ததும் துளைகளை ஈர்க்குச்சி விட்டுத் திறந்து வைக்க வேண்டும், இதை மறந்தால் பழைய கதைதான். செம்மறியாட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் கலந்த எண்ணெய் வகைகளும் நல்லவை. கழுவக் கழுவக் குறையும், அவ்வப்போது திரும்ப அடிக்க வேண்டும். திரும்ப அடிக்க வேண்டியிருப்பது எனக்கு நல்லதாகவே படுகிறது. அந்தச் சாக்கில் யாராவது வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்ப்பார்கள்.

வேஸ்ட் ஆயிலை அடிக்கச் சொல்பவர்கள் நிறையப் பேர். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் இலவசமாகவே அடித்துக் கொடுப்பார்கள். நான் வேண்டாம் என்றுவிட்டேன், இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனதில்லை. எஞ்சினில் ஓடிய எண்ணெயில் எரிந்த கழிவின் அமிலமும் உலோகத் துகளும் இருக்கின்றன, உடம்புக்கும் கேடு. பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ் எல்லாம் அதில் ஊதிக் கெட்டுப்போகும். அடித்த எண்ணெயில் பாதி அடுத்த மழையில் சொட்டி, ஓடைக்குப் போய், கடைசியில் பவானி வரை போகும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஊர்கள் கீழே வரிசையாக இருக்கின்றன.

தார்ப்பாயும் கூரையும்

அப்பாவோடு எனக்கு இன்னும் தீராத வழக்கு தார்ப்பாய்தான். வண்டியை மூடி வைத்தால் நனையாது என்பது அவர் கட்சி. மழை படாது, உண்மைதான். ஆனால் மண்ணிலிருந்து எழும் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், காலையில் தார்ப்பாயைத் தூக்கினால் அதன் உள்பக்கம் முழுக்க வியர்த்திருக்கும். புல்தரையில் நிறுத்தி மூடினால் இன்னும் மோசம். நான்கு கம்பம் நட்டு மேலே ஷீட் போட்டு, சுற்றிலும் சுவர் இல்லாமல் விட்டால் அதுவே பெரிய உபகாரம். கீழே ஜல்லியோ கல்லோ பரப்பினால் போதும். ஈரமான வண்டியை நாலு பக்கமும் அடைத்த ஷெட்டில் விட்டுக் கதவைச் சாத்துவதைவிட, வெளியில் காற்றில் நிற்பது நல்லது. இப்போது எங்கள் வீட்டில் கூரை போட்டுவிட்டோம். மழை சாய்ந்து அடிக்கிற நாளில் மட்டும் அப்பா காற்றடிக்கும் பக்கத்தில் தார்ப்பாயைத் திரையாகக் கட்டிக்கொள்கிறார். அதில் நான் தலையிடுவதில்லை.

வண்டிக்குள் போட்டிருந்த மேட்டையும் பஞ்சையும் எடுத்துவிட்டேன். இலை ஏற்றும்போது மட்டும் ஒரு ஷீட்டை விரித்து, இறக்கியதும் உருவி எடுத்துவிடுகிறோம். உரம் ஏற்றிய அன்றைக்கே உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவி, கதவையெல்லாம் திறந்து வைத்துக் காயவிடுகிறோம். இருக்கிற வேலைகளில் செலவே இல்லாதது இதுதான், பலன் அதிகம் என்று நான் நம்புவதும் இதைத்தான். கதவின் அடியில் இருக்கும் துளைகளை மழைக்காலம் முழுவதும் அவ்வப்போது குத்திவிட வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணாடி ஓரமாக ஊற்றினால் கீழே துளை வழியாக வரவேண்டும். வராவிட்டால் கதவு ஒரு தொட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

இந்த மாதிரி வேலைகளை எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதும் முக்கியம். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை எங்களுக்குக் காற்று காய்ந்திருக்கும், பூச்சு வேலை எல்லாம் அப்போதுதான். மூடுபனியில் சீக்கிரம் காயும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பெயின்ட் மேல் படிந்து, பால் பூத்து வெளுத்துவிடும். அது கண்ணுக்குத் தெரிவதால் பெயின்டர் நிறுத்திவிடுவார். அடிப்பாகத்தில் கருப்பு அடிக்கும்போது அதே ஈரம் மாட்டிக்கொள்வது யார் கண்ணிலும் படாது.

செலவு கட்டுபடியாகுமா என்று கேட்டால், வண்டியை விற்றால் வரும் காசில் பாதிக்கு மேல் ஆனது. ஆர்சி புதுப்பிப்புக் கட்டணமும் அந்தச் சமயத்தில், 2022 ஏப்ரலில், 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகியிருந்தது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று சேசிஸ் நம்பர். துரு அந்த எழுத்தைத் தின்றுவிட்டால் ஆர்டிஓ ஆபீசில் அலைய வேண்டியிருக்கும். அந்த இடத்தில் கிரைண்டர் வைக்காமல், மெதுவாகத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள்.

இன்னும் வலதுபக்கப் பின் சக்கரத்துக்கு மேலே வேலை பாக்கி இருக்கிறது. அங்கே தட்டினால் சத்தம் மங்கலாகத்தான் வருகிறது. வருகிற ஜனவரியில் திறந்து பார்க்கலாம் என்று பாயிடம் சொல்லியிருக்கிறேன். சக்கரத்தின் உள்வளைவில் மட்டும் கருப்பு அடிக்க வேண்டும் என்று அப்பா கேட்டிருக்கிறார். அங்கே ஜல்லி தெறித்து பெயின்ட் உதிரும், கெட்டியான பூச்சுக்கு அந்த இடத்தில் வேலை இருக்கிறது, நானும் சரி என்றுவிட்டேன். இரும்பு தெரியச் சுரண்டி, வெயிலில் முழுசாகக் காயவைத்து, பிரைமர் அடித்த பிறகு. துளைகளில் குச்சி சொருகிவைத்துவிட்டு அடிப்பதாகப் பாய் ஒத்துக்கொண்டிருக்கிறார்.